இடது பக்கத்துச் சொட்டு

சொட். கண்ணின் மேல் போட்டிருந்த துண்டை எடுக்காமலே தேவசகாயம் அடுத்ததற்குக் காத்திருந்தான். ஒன்பது எண்ணினான், பத்து எண்ணினான், சரி, நின்றுவிட்டது போலிருக்கிறது என்று மூச்சு கொஞ்சம் கீழே இறங்கிய நேரம் பார்த்து, பதினொன்றில், மறுபடியும் சொட். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் முற்றத்தில், பிஸ்கட் டப்பாவின் தகர மூடியில் பெட்ரோல் விழுகிறது. தண்ணீர் விழுந்தால் இப்படிக் கேட்காது. தண்ணீருக்கு ஒரு கனம் உண்டு, விழுந்த இடத்தில் கொஞ்ச நேரம் இருந்து பேசும். பெட்ரோல் விழுந்ததா இல்லையா என்றே தெரியாமல் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பறந்துபோகும். இருபத்திரண்டு வருஷம் ஐஸ் கம்பெனியில் ராத்திரி ஷிப்டு பார்த்த காது இது. கம்ப்ரஸரின் கடமுடாவுக்கு நடுவில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வான். ஒரு பெல்ட் ஒரு நூல் தளர்ந்தாலும் மீட்டர் முள் அசைவதற்கு முன்னால் எழுந்து நிற்பான். அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. காதுதான் சொல்லிக்கொடுத்தது. அதே காதுதான் இப்போது படுக்கவிடாமல் அடிக்கிறது. இடது பக்கம். ரெட்டை சிலிண்டர் மோட்டார் பைக், ரெண்டு கார்பரேட்டர், வலது பக்கத்தது வாயை மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கிறது, இடது பக்கத்தது மூன்று மாதமாக ஒழுகுகிறது. மணி எட்டு இருக்குமா? அடுக்களையில் கரண்டி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கும் அவன் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது, ஏனென்றால் இந்த வீட்டில் இந்த நேரத்தில் கேட்கக்கூடாத சத்தம் அது. ஜெயசீலி வீட்டில் இருக்கிறாள். வேலைக்குப் போகவில்லை. இன்றைக்கு ஒரு நாள்.

காலை ஆறே முக்காலுக்கு அவன் வீட்டுக்குள் வருவான். ஏழு ஐந்துக்கு இறால் கம்பெனி வேன் தெருமுனையில் ஹாரன் அடிக்கும், அவள் போய்விடுவாள். சாயங்காலம் ஐந்தரைக்கு அவன் கிளம்புவான், ஆறரைக்கு அவள் வருவாள். ஆக மொத்தம் காலையில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்திலும் அவள் முடியைப் பின்னிக்கொண்டிருப்பாள், தூக்குச்சட்டியை மூடிக்கொண்டிருப்பாள், ஒரு கையால் அவனுக்குக் காப்பியை நீட்டிக்கொண்டு மறு கையால் செருப்பைத் தேடுவாள். மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அவள் இறால் உரிக்கப் போனாள். மகள் இப்போது மதுரையில் ஹாஸ்டலில் இருந்து நர்சிங் படிக்கிறாள். பதினாறு வருஷம். ஒரு தடவை, உப்புநீர் நிற்கிற பிரைன் டாங்கில் ஐஸ் கட்டி உறையக் காத்திருந்தபோது, அவன் கூட்டிப் பார்த்தான்: ஒரு வருஷத்து இருபது நிமிஷங்களையெல்லாம் சேர்த்தால் முழுசாக நாலு நாள் வருகிறது. வருஷத்துக்கு நாலு நாள் குடும்பம் நடத்துகிறோம் என்று தோன்றியதும் சிரிப்பு வந்தது, சிரிக்க அங்கே யாரும் இல்லாததால் எழுந்து போய் வால்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தான். ஞாயிறு அவளுக்கு லீவு, ஆனால் சனி ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவன் கட்டையாகக் கிடப்பான். செவ்வாய் அவனுக்கு லீவு, அன்றைக்கு அவள் இருக்கமாட்டாள், வந்தாலும் ஒன்பது மணிக்குச் சோறு வாயில் இருக்கும்போதே தூங்கி விழுவாள். ஒரே கட்டில். அவள் எழுந்துபோன பள்ளத்தில், அவள் சூடு ஆறுவதற்குள், அவன் வந்து படுப்பான். தலையணையில் தேங்காயெண்ணெயும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாத இறால் வாடையும். அவளுக்கு அவன் கொண்டுவரும் ஐஸ் கம்பெனி அமோனியா வாடை. சொல்ல வேண்டியதைக் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எழுதி உப்பு ஜாடிக்கு அடியில் வைப்பார்கள். குழம்பு சுட வைக்கவும். கேஸ் தீரப்போகுது. கீழ்வீட்டு அக்காவுக்குக் குழந்தை பிறந்திருக்கு, பெண். ஒரே ஒரு தாளை மட்டும் அவன் பர்ஸில் வைத்திருக்கிறான், மடிப்பில் கிழிந்து போயிருக்கிறது: இன்னைக்கு உங்களைப் பாக்காமலே வேன் வந்துட்டு.

இன்று காலை அவன் சைக்கிளை உள்ளே தள்ளும்போது அவள் முடியைப் பின்னவில்லை. விரித்துப்போட்டு, அடுக்களை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். யாரோ செத்துப்போனார்களோ என்று பயந்துவிட்டான். "போட்டுக்காரங்க ஸ்ட்ரைக். நேத்து ஒரு போட்டும் கடலுக்குப் போவல. இறால் இல்ல, லீவுன்னுட்டான்" என்றாள். அவனுக்கு லீவு இல்லை. ஸ்டாக் ஐஸைக் காக்க ஆள் வேண்டும், சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். ஆனாலும் பகல் இருக்கிறதே. ஒரு முழுப் பகல், கையில் வந்து விழுந்த மாதிரி. வாய் தானாகக் கேட்டுவிட்டது: "மணப்பாடு போவமா?" "எதுல?" "நம்ம வண்டிலதான்." அவள் முற்றத்தைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. "அது எந்திரிச்சு நடக்குமா?" "இன்னைக்குச் சரியாயிரும் சீலி." "மூணு மாசமா இன்னைக்குத்தான சரியாவுது. பத்து மணிக்குள்ள கிளம்பிச்சுன்னா வாரேன். இல்லன்னா பத்தேகால் பஸ்ல உடன்குடிக்கு அக்கா வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாரேன். அவளும் ரெண்டு மாசமா கூப்பிடுதா." பஸ்ஸில் அவனும் கூடப் போகலாந்தான். போனால் சகலை வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துவிட்டு, உள்ளே அக்காளும் தங்கையும் பேசிச் சிரிப்பதைக் கேட்டுவிட்டு, மூன்று மணிக்கு ஒற்றை ஆளாகத் திரும்ப வேண்டும். "முதல்ல ஒரு மணி நேரம் படுங்க. கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு" என்றாள். பெட்ரோல் டேப்பைத் திறந்து வைத்துவிட்டு வந்து படுத்தான். படுத்து என்ன செய்ய? சொட். பதினொன்று. சொட். பக்கத்து அறையில் அவள் நடக்கிறாள். அவள் வீட்டுக்குள் நடக்கும் சத்தம் இப்படியா இருக்கும்? இடது குதிகாலை அழுத்தி, வலதை லேசாக. கால் வலி எதுவும் இருக்கிறதா? எப்போதிலிருந்து? பெல்ட் ஒரு நூல் தளர்ந்தால் தெரிகிறவனுக்கு இது தெரியவில்லை. துண்டை எடுத்து எறிந்துவிட்டு எழுந்தான்.

முற்றம் என்று சொல்வதே அதிகம். வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் கையை விரிக்கிற அகலம், துவைத்த தண்ணீர் ஓடுவதற்காகச் சாக்கடைப் பக்கம் வாட்டமாகப் பூசிய சிமெண்டுத் தரை, அதில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கிறது வண்டி. சென்டர் ஸ்டாண்டை உப்புக்காற்று தின்று ஒடித்து வருஷம் ஏழாகிறது. வாங்கும்போதே அது கிழட்டு வண்டி. மாற்றலாகிப் போன துறைமுக இன்ஜினியர் ஒருவர் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். ஏழு வருஷம் தார்ப்பாய்க்குள் செத்த மாதிரிக் கிடந்ததை, தைப்பொங்கல் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை என்ன தோன்றியதோ அவிழ்த்தான். பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட், வயரிங், ஒவ்வொன்றாக, தூங்க வேண்டிய காலைகளில், பழைய மானுவலின் ஜெராக்ஸை டிக்‌ஷனரி வைத்து எழுத்துக் கூட்டிப் படித்து. எல்லாம் சரியாயிற்று. கடைசியில் பெட்ரோல் டேப்பைத் திறந்தால் இடது கார்பரேட்டர் அடியிலிருக்கும் ரப்பர் குழாய் வழியே ஒழுகிற்று. அப்போது ஐந்து எண்ணுவதற்குள் ஒரு சொட்டு. விஷயம் பெரிய கம்பசூத்திரம் இல்லை. கார்பரேட்டரின் கீழ்க்கிண்ணத்தில் ஒரு மிதவை. பெட்ரோல் ஏற ஏற மிதவையும் ஏறும், ஏறி ஒரு சின்ன ஊசியைத் தள்ளி வழியை அடைக்கும். அடைக்காவிட்டால் கிண்ணம் நிரம்பி, ஓரத்தில் நிற்கும் குழாய் வழியே வெளியே வந்துவிடும். வீட்டுக்கு வீடு மாடித் தொட்டியில் இருக்கிற அதே ஏற்பாடு. ஊசி தேய்ந்திருக்கும் என்று புது ஊசி போட்டான். ஒழுகிற்று. வலது பக்கத்து ஊசியைக் கழற்றி இடதில் போட்டான், இடதுதான் ஒழுகிற்று. மிதவையில் ஓட்டையோ என்று வெந்நீரில் முக்கிக் குமிழி வருகிறதா பார்த்தான், வரவில்லை, ஆனாலும் இரண்டையும் மாற்றிப் போட்டான், இடதுதான். கிண்ணத்தையே மாற்றினான்; இடதுதான். எதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் குற்றம் அதன் கூடப் போகாமல் இடத்திலேயே இருந்தது. பேய்க்கும் ஒரு நியாயம் உண்டு, பிடித்த ஆளோடு போகும்; இது இடத்தைப் பிடித்த பேய். பிறகு மிதவையின் பித்தளை நாக்கை நெளித்து, பெட்ரோல் மட்டத்தைக் கொஞ்சம் குறைத்தான். ஐந்து ஏழாயிற்று. இன்னும் நெளித்தான், ஒன்பது. இன்னும், பதினொன்று. நெளிக்க நெளிக்கப் பலன் தெரிந்தது. மானுவல் சொன்ன அளவை எப்போதோ தாண்டியாயிற்று. ஆனால் காது தேறுகிறது என்று சொல்லும்போது மானுவலை யார் கேட்கிறார்கள்?

"என்னவே, இன்னுமா கறக்கு?" காம்பவுண்டுக்கு மேலே பால்பாண்டி அண்ணாச்சியின் தலை தெரிந்தது, வாயில் பல் குச்சி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன், மேலேயிருந்து பார்த்தே பழகிப்போனவர். "நாலு காம்புல கறந்தா பசுமாடு. இது ரெண்டு காம்பு, அதுலயும் ஒண்ணுலதான் வருது. வெள்ளாட்டுல சேத்தியா?" "இன்னைக்கு நின்னுரும் அண்ணாச்சி." "நிக்கத்தான செய்யுது! அது ஓடி நான் எங்க பாத்தேன்? பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு நிம்மதியாத் தூங்கும்வே." அண்ணாச்சி துப்பிவிட்டுப் போனார். தேவசகாயத்துக்குக் கோபம் வரவில்லை. டேப்பை மூடி, இடது கார்பரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினான். திருகாணி நாலும் விரலுக்குப் பழகி, ஸ்குரூ டிரைவர் தொட்டதும் தானாகவே சுற்றி வந்தன. கையில் குளிர்ச்சியாக ஓடிய பெட்ரோல் காய்வதற்குள் மணப்பாடு மனசுக்குள் வந்துவிட்டது. கல்யாணமாகி எட்டாவது மாதம். இதே வண்டி. மணல்மேட்டில் கோயில், அதன் இரண்டு பக்கமும் கடல், காற்று அவள் முந்தானையைப் பிடித்து ஒரு கொடியை உதறுகிற மாதிரி உதறிற்று. போகும்போது அவள் அவன் தோளைப் பிடிக்கவில்லை, வெட்கம். இரண்டு விரலை மட்டும் அவன் பேண்டின் பெல்ட் வளையத்தில் கோத்திருந்தாள். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் அந்த இரண்டு விரல் இடுப்பில் அழுந்தும். அவன் பள்ளமாகப் பார்த்து வண்டியை விட்டான். திரும்பி வரும்போது அவள் தூங்கிப்போனாள். நெற்றி அவன் முதுகின் நடுவில் வந்து இடித்தது, விலகிற்று, மறுபடி இடித்து அங்கேயே நின்றுவிட்டது. விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில் ஒரு கையைப் பின்னால் வளைத்து அவளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மட்டும் ஓட்டி, இருபதுக்கு மேல் போகாமல், லாரிக்காரன் எல்லாம் வசவு சொல்லித் தாண்டிப்போக, அம்பது கிலோமீட்டர். வீட்டுக்கு வந்து எழுப்பினபோது கை மரக்கட்டை. அவளிடம் சொல்லவில்லை. ஒருத்தர் தூங்க ஒருத்தர் விழித்திருப்பது என்கிற இந்த ஏற்பாடு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டதோ என்று இப்போது தோன்றுகிறது. மிதவையைத் தூக்கிப் பார்த்தான், விட்டான், தூக்கிப் பார்த்தான். ஊசி ஒழுங்காக ஏறுகிறது, ஒழுங்காக இறங்குகிறது. குற்றம் இங்கே இல்லை. வேறெங்கே?

வண்டி கிளம்பிவிட்டால் என்ன பேசுவது? அந்தக் கேள்வி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை, வந்து பித்தளை நாக்கைப் பிடித்திருந்த குறடின் நுனியில் உட்கார்ந்துகொண்டது. போக ஒன்றரை மணி நேரம் காற்று பேசும். அங்கே போய் மணலில் உட்கார்ந்த பிறகு? குழம்பு, கேஸ், மகளின் பரீட்சை, இதெல்லாம் இருபது நிமிஷத்துக்குள் அடங்குகிறவை. அதற்குள் அடங்கும்படி இரண்டு பேரும் தங்களை வெட்டிச் சுருக்கிக்கொண்டு வருஷங்களாயிற்று. அவள் கடலைப் பார்ப்பாள். அவன் அவள் பார்க்கிற கடலைப் பார்ப்பான். அப்புறம் அவள் மணி கேட்பாள். ஐயோ, அப்படி அவள் மணி கேட்டால். அதற்கு இந்தச் சொட்டே தேவலை. ஒருவேளை, அவன் குறடைக் கீழே வைத்தான், ஒருவேளை மூன்று மாதமாக இது நிற்காததற்குக் காரணம் தானேதானோ? கை ஒன்று செய்ய, உள்ளே வேறொருத்தன் உட்கார்ந்துகொண்டு, நிற்காதே, நிற்காதே என்கிறானோ? "எந்திரிச்சு வந்தாச்சா? படுக்கச் சொன்னேம்லா?" ஜெயசீலி வாளியோடு வந்தாள். குழாயடியில் உட்கார்ந்து சோப்புத் தண்ணீரில் துணியை முக்கினாள், அவன் காக்கிப் பேண்டு, பனியன், அவளுடைய நீலச் சேலை. "ஊறட்டும். போகையில அலசிப் போட்டுட்டுப் போறேன்." எங்கே போகையில்? கேட்கவில்லை. அவள் அவன் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்தாள். ஈரக்கையின் தண்ணீர் ஒரு பொட்டு அவன் கழுத்தில் விழுந்தது. "இதுக்குள்ள என்னத்ததான் தேடுதிய?" "மட்டம். பெட்ரோல் மட்டம் இங்கன நிக்கணும். அதுக்கு மேல ஏறுது." "ஏறுனா எறக்குங்க." "எறக்கிட்டேதான் இருக்கேன்." "வலப்பக்கம் ஏறலியா?" "அதான் புரியல. ரெண்டும் ஒரே வயித்துப் பிள்ள. ஒண்ணு சொன்ன பேச்சு கேக்கு, ஒண்ணு கேக்கல." "இடப்பக்கம் ஒங்கள மாதிரி போல" என்று சொல்லி எழுந்து போனாள். போனபிறகும் அவள் நின்ற இடத்தில் கொஞ்சம் சோப்பு வாசனை நின்றது. என்னை மாதிரி என்றால்? கேட்காத ஆளா நான்? எதைக் கேட்கவில்லை? கேட்கிற நேரத்தில் அவள் எப்போது சொன்னாள்?

ஒன்பதே முக்கால். நாக்கை இன்னும் ஒரு நெளிப்பு நெளித்து, கிண்ணத்தை மூடி, திருகாணியை முறுக்கி, டேப்பைத் திறந்தான். தகர மூடியைத் துடைத்துக் குழாய்க்கு அடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான், ஏனென்றால் மூடினால்தான் அவனுக்குக் கேட்கும். ஐந்து. எட்டு. பதினொன்று தாண்டிற்று. பன்னிரண்டு, பதிமூன்று, வீட்டுக்குள் அவள் பீரோவைத் திறக்கிறாள், பதினாறு, வளையலை மாற்றுகிறாள், பதினெட்டு, எந்தச் சேலை, பத்தொன்பது. இருபதில் ஒரு கணம் அவன் மனசு மணல்மேட்டில் போய் நின்றுவிட்டது. இருபத்தொன்றில் சொட். அவ்வளவுதான். கார்பரேட்டர் உடம்பிலேயே கீறல். உடம்பே விரிந்துபோன கார்பரேட்டருக்கு ஊசி மாற்றி என்ன, மிதவை மாற்றி என்ன? வேறு உடம்பு இந்த ஊரில் கிடைக்காது, சென்னையில் தேட வேண்டும், அதற்குள் ஸ்ட்ரைக் முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போய், இறால் வந்து குவிந்து, வேன் ஹாரன் அடித்துக்கொண்டு தெருமுனையில். அவன் வண்டியின் பக்கத்தில் குத்தவைத்தே உட்கார்ந்திருந்தான். கண்ணுக்குள் மணல் மாதிரி ஒரு ராத்திரியின் தூக்கம் அரித்தது. படியில் செருப்புச் சத்தம். இடதை அழுத்தி, வலதை லேசாக. "அப்ப நான் பொறப்படுதேன். பத்தாயிட்டு" என்றாள். தோளில் பை, மஞ்சளில் பூப்போட்ட சேலை, அவன் பார்த்ததே இல்லை; எப்போது எடுத்தாள்? "ம்" என்றான். "குழம்பு இருக்கு. சோத்துல தண்ணி ஊத்திருங்க." "ம்." "துணி கெடக்கட்டும், நாளைக்கு வந்து அலசுதேன். கோவமா?" "எனக்கென்ன கோவம்?" கோபமில்லை, நிஜமாகவே. ஏக்கத்துக்கு முகத்தில் தனியாக ஓர் இடம் இல்லாததால் அது கோபத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, பார்க்கிறவர்கள் தப்பாக நினைத்துவிடுகிறார்கள். இதை எந்தக் காலண்டர் தாளில் எழுதி எந்த ஜாடிக்கு அடியில் வைப்பது?

கேட்டுக்குப் போகிற வழியை வண்டியின் ஹாண்டில்பார் அடைத்துக்கொண்டிருந்தது. தினமும் அவள் உடம்பை ஒடுக்கிப் பக்கவாட்டில் நழுவித்தான் போவாள். இன்றைக்குப் புதுச் சேலை, அழுக்குப் பட்டுவிடும். அவள் பையை ஹாண்டிலில் மாட்டிவிட்டு, இரண்டு கையாலும் வண்டியைப் பிடித்து, "எம்மா, என்ன கனம்" என்று முனகிக்கொண்டு, நிமிர்த்தினாள். தேவசகாயம் அப்போதும் எண்ணிக்கொண்டுதான் இருந்தான், எண்ணுவதை நிறுத்த அவனுக்குத் தெரியவில்லை. இருபத்தொன்று. இருபத்திரண்டு. முப்பது. நாற்பதில் அவன் தலையைத் தூக்கினான். மீட்டர் முள் அசைவதற்கு முன்னால் எழுந்து நிற்கிற அதே ஆள் எழுந்து நின்றான். "அப்படியே பிடி." "என்னத்த?" "அசையாத சீலி. நேராப் பிடி, கர்த்தரே, அப்படியே பிடி." அவன் குனிந்து குழாயின் வாயில் விரலை வைத்தான். காய்ந்திருந்தது. அறுபது. எழுபது. "எவ்வளவு நேரம் இப்படி நிக்க? கை வலிக்கி." "இப்பக் கொஞ்சம் சாய். முன்ன இருந்த மாதிரி." சாய்த்தாள். கொஞ்ச நேரத்தில் சொட். "நிமிர்த்து." நின்றுபோயிற்று. ஓரத்தில் நிற்கும் அந்தக் குழாய் இரண்டு கிண்ணத்திலும் வெளிப்பக்கத்தில் இருக்கிறது. வண்டி இடது பக்கம் சாய்ந்தால் இடது கிண்ணத்துக் குழாய் தாழ்ந்துபோகும், வலது கிண்ணத்துக் குழாய் உயர்ந்துபோகும். சைடு ஸ்டாண்டின் சாய்வு போதாதென்று தரையின் வாட்டமும் அதே பக்கம். மூன்று மாதம். ஊசியில் குற்றமில்லை, மிதவையில் குற்றமில்லை, உடம்பில் கீறலில்லை. ஒற்றை ஆளாக வேலை செய்கிறவன் வண்டியைச் சாய்த்து வைத்துத்தான் பார்ப்பான். நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே குனிந்து பார்க்க ஒருத்தனுக்குக் கை போதாது. அதைச் சொன்னான், தட்டுத்தடுமாறி, கையால் கிண்ணம் செய்து காட்டி. அவள் ஹாண்டிலைப் பிடித்தபடி கேட்டாள். பிறகு சிரித்தாள், வண்டியும் சேர்ந்து குலுங்கும்படி. "அப்ப மூணு மாசமா வண்டியக் கோணலா வச்சுக்கிட்டு அது ஏன் கோணுதுன்னு பாத்திருக்கிய!" காம்பவுண்டுக்கு மேலே தலை வந்தது. "என்னம்மா சிரிப்பு? பொறந்துட்டா?" "பொறந்துட்டு அண்ணாச்சி! சுகப்பிரசவம்!"

மணி பத்து பத்து. அவன் ஏறி உட்கார்ந்து கிக்கரை உதைத்தான், நாலாவது உதைக்கு வண்டி இருமி, நீலப் புகையைக் கக்கி, சத்தம் போட்டது, அந்தச் சத்தத்தில் இத்தனை வருஷமும் எங்கேயோ பதுங்கியிருந்த எதுவோ அவன் விலா எலும்புக்குள் எழுந்து நின்றது. ஜெயசீலி பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு பின்னால் ஏறினாள். கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கினார்கள். பால்பாண்டி அண்ணாச்சி பல் குச்சியைத் தூக்கிக் கப்பலை வழியனுப்புகிற மாதிரி ஆட்டினார். இடுப்பில் என்ன படப்போகிறது என்று அவன் காத்திருந்தான். கை வரவில்லை, பிறகு வந்தது, விரல் இல்லை, முழுக்கை, அவன் வயிற்றுக்கு மேலே சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டது. நல்ல தண்ணீர்த் தொட்டி. சின்னக் கோயில். பஸ் போகிற மெயின் ரோட்டில் ஏற வேண்டிய திருப்பத்தில் இடது சிலிண்டர் ஒரு தடவை விக்கிற்று. இரண்டு தடவை. அவனுக்குப் புரிந்துவிட்டது, புரிந்தும் த்ராட்டிலை முறுக்கினான், முறுக்கின அளவுக்கு அது மூச்சு வாங்கி, கொஞ்ச தூரம் ஒற்றைக் காலில் நொண்டி, பிளாட்பாரத்து ஓரம் போய் நின்றுவிட்டது. நெளித்து நெளித்து மட்டத்தைக் குறைத்தானே, அந்தப் பாவம். சாய்ந்து நிற்கிற வண்டிக்கு அளவு வைத்துவிட்டான். ஓடுகிற வண்டிக்கு இடது கிண்ணத்தில் குடிக்கப் பெட்ரோல் இல்லை. ரோட்டில் பத்தேகால் பஸ், கூட்டமில்லாமல், ஜன்னலோரம் எல்லாம் காலியாக, அவர்களைத் தாண்டிப் போயிற்று. இருவரும் அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்கள். "பஸ்ஸும் போச்சு" என்றாள். அவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "நாக்க எல்லாம் பழையபடி நெளிக்கணும். ரெண்டு பக்கமும் அளவு பாக்கணும். ஒண்ணரை மணி நேரம் ஆயிரும். அப்புறம் போனா திரும்பி வார நேரத்துக்கு எனக்கு ஷிப்டு" என்றான், தார் ரோட்டைப் பார்த்து. அவள் இறங்கி, பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தாள். அவன் ஹாண்டிலைப் பிடித்து முன்னால் நடந்தான். பதினொன்றேகாலுக்கு இன்னொரு பஸ் உண்டு, திருச்செந்தூர் வழியாக உடன்குடிக்கு. அது அவனுக்குத் தெரியும். அக்கா வீட்டுக்குப் போய்வருகிறவளுக்கு அவனைவிட நன்றாகத் தெரியும். சொல்வாள் என்று தண்ணீர்த் தொட்டி வரைக்கும் காத்திருந்தான். சொல்லவில்லை. வீட்டுத் தெரு திரும்பும் வரைக்கும் காத்திருந்தான். "கால் வலியா ஒனக்கு?" என்று கேட்டான், திரும்பாமலே. "எந்தக் கால்?" "வலது. ஊனி நடக்க மாட்டேங்கியே." பின்னால் தள்ளுகிற கை ஒரு கணம் தளர்ந்தது. "ஈரத்துலயே நிக்கோம்லா கம்பெனில. ஆடியிலயிருந்து இருக்கு" என்றாள். "இப்பயாவது கண்ணுக்குத் தெரிஞ்சுதே" என்று குத்திக்காட்டவில்லை. "முழங்காலுக்குக் கீழ, குளிர் விட்ட மாதிரி இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேலும் சொன்னாள், எந்த டாக்டரிடம் போனாள், அந்த டாக்டர் என்ன தைலம் கொடுத்தார், கூட வேலை பார்க்கிற பெண்ணுக்கு இதே மாதிரி வந்து எப்படிப் போயிற்று என்று கேட் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் நடையை மெதுவாக்கினான்.

வண்டியை இந்தத் தடவை சுவரோடு நேராக, இரண்டு செங்கல் அண்டை கொடுத்து நிறுத்தினான். அவள் உள்ளே போனாள். பீரோ திறந்தது, மூடிற்று. மணி பதினொன்று அடிக்க ஐந்து, அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவன் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்து, எடுத்தபடியே நின்றான். அவள் வெளியே வந்தபோது பழைய நைட்டியில், முடியை அள்ளிக் கொண்டை போட்டிருந்தாள். குழாயடியில் உட்கார்ந்து, ஊறியதில் பாதி சோப்பு செத்துப்போன தண்ணீரைக் கொட்டி, காக்கிப் பேண்டை எடுத்துக் கல்லில் வைத்துத் தேய்த்தாள். பனியன். அடுத்த பனியன். அவற்றை அலசி வாளியில் போட்டுவிட்டு, நீலச் சேலையை அலசித் தூக்கினாள், தூக்கத் தூக்க அது வந்துகொண்டே இருந்தது. "சும்மாதான நிக்கிய? ஒரு முனையப் பிடிங்க. இல்ல இல்ல, பெட்ரோல் கையோட தொடாதிய, கழுவிட்டு வாங்க." அவன் கழுவினான். சோப்புப் போட்டு இரண்டு தடவை. அவள் ஒரு முனையைப் பிடித்து முற்றத்தின் அந்தக் கோடிக்குப் போனாள், அவன் இந்தக் கோடியில் நின்றான். அவள் வலப்பக்கம் முறுக்கினாள், எதிரே நின்ற அவன் அதே போக்கில் தன் இடப்பக்கம் முறுக்கினான், சேலை முறுகாமல் தொங்கிற்று. "எதிர்ப்பக்கம்" என்றாள். மாற்றி முறுக்கினான். தண்ணீர் சிமெண்டில் கொட்டி வாட்டத்தோடு சாக்கடைக்கு ஓடிற்று. நன்றாகப் பிழிந்த பிறகு உதறி, கொடியில் போட்டு, சுருக்கம் நீவிவிட்டு, அவள் அடுத்த துணிக்காக வாளியில் கையை விட்டாள்.